வேலைக்குப் போய்க்கொண்டே கேட் தேர்வு: 255 மணி நேரத்தை எப்படிப் பிரிப்பது?

(பேச்சின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றுச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

இன்னிக்கு எபிசோட் ஒரு நேயர் கேட்ட கேள்வியை வச்சுத்தான். அவர் தாம்பரத்திலிருந்து சோழிங்கநல்லூருக்கு தினமும் வேலைக்குப் போறவர். அவர் எழுதினது இதுதான்: "அண்ணா, நவம்பர்ல கேட் எழுதணும். அப்பா அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகிறார். வேலையை விட்டுட்டுப் படிச்சாத்தான் முடியும்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க. விடலாமா?"

விடலாமா வேண்டாமான்னு எடுத்த எடுப்பில் சொல்லிட முடியாது. முதல்ல கையில எவ்வளவு நேரம் இருக்குன்னு எண்ணிப் பார்ப்போம். அதுக்கு அப்புறம் அந்தக் கேள்விக்கு வருவோம்.

தேர்வு என்ன கேட்கிறது?

புதுசா கேட்கிறவங்களுக்காகச் சுருக்கமா சொல்றேன். கேட் என்பது ஐஐஎம்களில் எம்பிஏ படிப்பதற்கான நுழைவுத் தேர்வு. பொதுவா நவம்பர் கடைசி ஞாயிறு நடக்கும். மொத்தம் 2 மணி நேரம், 3 பகுதி, ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். முதலில் ஆங்கில வாசிப்பு, அடுத்து டேட்டாவும் லாஜிக்கும் சேர்ந்த டிஐஎல்ஆர், கடைசியில் கணக்கு, அதாவது குவான்ட். ஒரு பகுதியில் மிச்சமான நேரத்தை அடுத்த பகுதிக்கு எடுத்துட்டுப் போக முடியாது.

2024-இல் 68 கேள்வி. சரியான விடைக்கு 3 மதிப்பெண், தவறுக்கு 1 கழிப்பாங்க. விடையை நாமே டைப் செய்யும் கேள்விகளுக்கு மட்டும் கழித்தல் கிடையாது.

திட்டம் போடுறதுக்கு முன்னாடி இரண்டு விஷயம் மனசுல இருக்கணும். ஒன்று, ஐஐஎம்கள் மொத்த பர்சென்டைலோட நிற்பதில்லை, ஒவ்வொரு பகுதிக்கும் குறைந்தபட்சம் இவ்வளவுன்னு வச்சிருப்பாங்க. குவான்ட்ல 99 வாங்கினாலும் வாசிப்புல சறுக்கினா அழைப்பு வராது. இரண்டு, எல்லாக் கேள்வியையும் போடத் தேவையில்லை. சமீப வருஷங்களில் மொத்த மதிப்பெண்ணில் பாதிகூட எடுக்காதவங்க 99 பர்சென்டைல் தொட்டிருக்காங்க. அதனால சிலபஸ் முழுக்க முடிச்சே ஆகணும்னு டைம்டேபிள் போடாதீங்க. சொல்லப் போனா ஐஐஎம்கள் விரிவான சிலபஸ்னு எதையும் வெளியிடுவதும் இல்லை.

உள்ள நேரத்தை எண்ணுங்க

நம்ம நேயர் ஜூலை இரண்டாவது வாரம் ஆரம்பிக்கிறார். நவம்பர் கடைசி ஞாயிறு வரைக்கும் சுமார் 20 வாரம். அதில் 3 வாரத்தை இப்பவே அடிச்சிடுங்க. ஆபீஸ்ல ஒரு ரிலீஸ் வரும், வீட்டுல ஒரு கல்யாணம் வரும், உடம்புக்கு ஒரு தடவையாவது முடியாம போகும். தீபாவளி அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள்ள வந்துடும், அதுவும் சரியா மாக் டெஸ்ட் எழுதுற காலம். இதெல்லாம் வராதுன்னு நினைச்சுப் போடுற திட்டம் ஆகஸ்ட்லயே கிழிஞ்சிடும். ஆக, 17 வாரம்.

ஒரு நாளைக்கு எவ்வளவு? காலையில கிளம்புறதுக்கு முன்னாடி 40 நிமிடம், ராத்திரி சாப்பிட்டதுக்கு அப்புறம் 1 மணி நேரம். சனி, ஞாயிறு தலா மூன்றரை மணி நேரம். கூட்டிப் பார்த்தா வாரத்துக்கு 15 மணி நேரம் சொச்சம். சொச்சத்தை விட்டுடுவோம். 17 வாரத்துக்கு 255 மணி நேரம். அவர்கிட்ட இருக்கிற மொத்த முதலே இதுதான்.

எந்த நேரத்துல எதைப் படிக்கிறது?

நிறைய பேர் திங்கள் குவான்ட், செவ்வாய் வாசிப்பு, புதன் டிஐஎல்ஆர்னு கிழமை பிரிச்சுப் போடுறாங்க. வேலைக்குப் போறவங்களுக்கு இது ஒத்து வராது. ஏன்னா எல்லா மணி நேரமும் ஒரே மாதிரி கிடையாது. காலையில 6 மணிக்கு இருக்கிற மண்டையும் ராத்திரி 10 மணிக்கு இருக்கிற மண்டையும் ஒண்ணா?

வாசிப்பு மெதுவா பழுக்கிற விஷயம். ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து படிச்சு ஆறு நாள் விட்டா நிற்காது. தினமும் கொஞ்சம் வேணும், அதுவும் மண்டை தெளிவா இருக்கும்போது. அதனால காலை 40 நிமிடம் முழுக்க வாசிப்புக்கு. தத்துவம், வரலாறு, பொருளாதாரம், சுற்றுச்சூழல்னு எதிலிருந்து வேணும்னாலும் பத்தி வரும். நமக்குப் பிடிச்ச துறையில மட்டும் படிச்சுப் பழகக் கூடாது. ஒரு நீளக் கட்டுரை படிச்சிட்டு, எழுதினவர் என்ன சொல்ல வர்றார்னு ரெண்டே வரியில எழுதிப் பாருங்க. தமிழில் எழுதினாலும் பரவாயில்லை. தமிழ் மீடியத்துல படிச்சவங்க இந்தப் பகுதியைப் பார்த்துப் பயந்து, கடைசி மாசத்துக்குத் தள்ளி வைப்பாங்க. தள்ளவே கூடாதது இதுதான். 17 வாரத்துக்கு இது சுமார் 55 மணி நேரம்.

குவான்ட் வேற மாதிரி. துண்டு துண்டா படிக்கலாம். இன்னிக்கு சதவீதம், நாளைக்கு லாப நஷ்டம், மறுநாள் வேகமும் தூரமும். களைப்பா இருந்தாலும் பேனா பிடிச்சு அஞ்சு கணக்கு போட்டுட முடியும். அதனால ராத்திரி 1 மணி நேரம் இதுக்கு, மொத்தம் 85 மணி நேரம். இதில் பாதிக்கு மேல அரித்மெட்டிக்குக்கும் அல்ஜீப்ராவுக்கும் கொடுங்க, பெரும்பாலான கேள்வி அங்கிருந்துதான் வருது.

டிஐஎல்ஆருக்கு இடையில எழுந்திருக்காத நேரம் வேணும். ஒரு செட்டைப் பாதியில விட்டுட்டுப் போன் எடுத்தா, திரும்பி வரும்போது முதல்லேர்ந்துதான் ஆரம்பிக்கணும். அது வாரக் கடைசிக்குப் போகட்டும். ஒரே மூச்சில 40 நிமிடம், 4 செட். முதல் அஞ்சு நிமிடம் எதையும் போடாம எல்லா செட்டையும் படிச்சு, எதை விடுறதுன்னு முடிவு பண்ணிப் பழகுங்க. இதுக்கு 55 மணி நேரம்.

மாக் டெஸ்ட்டுக்கு 60 மணி நேரம்

மிச்சம் 60. அதில் 12 மாக் டெஸ்ட். "2 மணி நேரப் பரீட்சைதானே, 24 மணி நேரம்தானே ஆகும்?" அப்படின்னு கேட்பீங்க. ஒவ்வொரு மாக்கையும் அலசி ஆராய 3 மணி நேரம் வேணும். சனிக்கிழமை எழுதுங்க, ஞாயிற்றுக்கிழமை அலசுங்க. ஜூலையில் 1, ஆகஸ்ட்டில் 1, செப்டம்பரில் 2, அக்டோபரிலும் நவம்பரிலும் தலா 4.

அலசும்போது ஒரு நோட்டுல மூணு கட்டம் போடுங்க. தெரிஞ்சும் தப்பா போட்டது, தெரியாம நேரத்தை விட்டது, போட்டிருக்கலாம் ஆனா எட்டிக்கூடப் பார்க்காதது. மூணாவது கட்டத்துல எவ்வளவு சேருதுன்னு பாருங்க. புதுசா ஒரு பாடமும் படிக்காம மார்க் ஏறக்கூடிய இடம் அதுதான்.

தேர்வு ஒரே நாளில் 3 வேளையா நடக்கும்: காலை 8.30, மதியம் 12.30, மாலை 4.30. உங்களுக்கு எந்த வேளைன்னு அட்மிட் கார்டு வந்தாத்தான் தெரியும். தெரிஞ்சதும் மிச்சமிருக்கிற மாக்கை அதே நேரத்துக்கு மாத்திக்குங்க. மதிய வேளைன்னா எப்போ சாப்பிடுறதுங்கிறதும் பயிற்சியில ஒரு பகுதிதான்.

சரி, வேலையை விடலாமா?

இப்போ தம்பியோட கேள்வி. ரெண்டு வாரம் வேலையோடயே இந்தத் திட்டத்தை ஓட்டிப் பாருங்க. தினமும் உட்கார்ந்த நேரத்தை மட்டும் குறிச்சு வைங்க. 12 மணி நேரத்துக்கு மேல வந்தா வேலையை விடத் தேவையே இல்லை. குறையிற நேரத்துக்கு ஜியோமெட்ரி மாதிரி ஒரு பகுதியைத் தொடாம விட்டுடுங்க. 8 மணி நேரம்தான் வருதுன்னா, ஆபீஸ்ல டீம் மாற முடியுமா, அலுவலகத்துக்குப் பக்கத்துல தங்க முடியுமா, அக்டோபர், நவம்பர்ல லீவைச் சேர்த்து எடுக்க முடியுமான்னு பாருங்க. அதுவும் முடியலைன்னா அடுத்த வருஷம் எழுதலாம். கேட் எழுத வயது வரம்போ, இத்தனை தடவைதான்னு கணக்கோ கிடையாது.

ராஜினாமாவை யோசிக்கும்போது இன்னொண்ணையும் கணக்குல எடுத்துக்குங்க. பல ஐஐஎம்கள் தேர்வு முறையில வேலை அனுபவத்துக்கும் மதிப்பெண் வச்சிருக்காங்க. இன்டர்வியூல "இந்த ஆறு மாசம் என்ன பண்ணீங்க?"ன்னு கேட்பாங்க. அப்பா ரிட்டயர் ஆகிற வருஷம் வீட்டுக்கு வர்ற சம்பளத்தை நிறுத்திட்டுப் படிக்க உட்கார்ந்தா, ஒவ்வொரு மாக் மார்க்கும் அந்தச் சம்பளத்தோட ஒப்பிடப்படும். அந்தப் பாரத்தோட 40 நிமிடத்துல எந்தக் கேள்வியை விடுறதுன்னு நிதானமா யோசிக்கிறது ரொம்பக் கஷ்டம்.

கேட்டுக்கிட்டிருக்கிற எல்லாருக்கும் இந்த வாரம் ஒரே ஒரு வேலை. புதுத் திட்டம் எதுவும் போடாதீங்க. போன ஏழு நாள்ல உங்களுக்குன்னு எத்தனை மணி நேரம் மிச்சம் இருந்ததுன்னு எழுதி, 17-ஆல் பெருக்குங்க. அதுதான் உங்க கணக்கு. அடுத்த எபிசோட்ல முதல் மாக் டெஸ்ட்டை எப்படி அலசுறதுன்னு கேள்வி கேள்வியா பார்ப்போம்.