பந்து உருள்கிறது, பணம் யார் பக்கம் உருள்கிறது?

(ஈசூனில் ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில் கூடிய குடும்பங்களிடம் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரை. வர இயலாத வாசகர்களுக்காக இங்கே தருகிறோம்.)



பெரியவர்களே, தாய்மார்களே, வேலை முடிந்து நேராக இங்கே வந்திருக்கும் தம்பிமார்களே! காற்பந்தைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் பிள்ளைகள் முன்வரிசைக்கு வந்துவிட்டார்கள். சம்பளத்தைப் பற்றியும் பேசப் போகிறேன் என்றதும் அம்மாமார்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். மகிழ்ச்சி! இரண்டும் ஒரே பேச்சுத்தான்.

நான் இந்த ஊர்ப் பிள்ளை. 1996இல் எஸ்-லீக் தொடங்கியபோது எனக்குப் பதினாறு வயது. செம்பவாங் ரேஞ்சர்ஸ் குழுவுக்கு நம் ஈசூன் விளையாட்டரங்கம்தான் சொந்தத் திடல். கப்பல் பட்டறையில் வேலை பார்த்த அப்பா, சம்பளம் போட்ட வாரத்தில் என்னை அங்கே கூட்டிப் போவார். ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, படிக்கட்டில் கிடக்கும் கப்புகளையும் கச்சாங் பூத்தே காகிதங்களையும் ஓர் அம்மா தனியாகக் கூட்டிக்கொண்டிருப்பார். தமிழ் அம்மா. "இவங்களுக்கு எவ்வளவு கொடுப்பாங்கப்பா?" என்று ஒருநாள் கேட்டேன். அப்பா பதில் சொல்லவில்லை. வேகமாக நடந்தார். அந்தக் கேள்வியைத்தான் இன்றைக்கு உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் பெரிய தொகைகளைப் பார்ப்போம். 2017இல் நெய்மார் என்ற ஒரே ஆட்டக்காரரை வாங்க பாரிஸ் குழு கொடுத்தது 222 மில்லியன் யூரோ. நம் சிங்கப்பூரிலும் பணம் வந்துவிட்டது. லயன் சிட்டி செய்லர்ஸ் குழு 2020இல் தனியார் கைக்குப் போனது. அடுத்த ஆண்டே டியேகோ லோப்பஸ் என்ற ஆட்டக்காரரை ஏறக்குறைய 2.9 மில்லியன் வெள்ளிக்கு வாங்கியதாகச் செய்தி வந்தது. 2025 மே மாதம் அதே குழு பீஷானில் ஆசிய அளவிலான இறுதியாட்டம் ஆடியது. 2-1 என்று ஷார்ஜாவிடம் தோற்றாலும், நாம் எல்லாரும் பெருமைப்பட்டோம்.

"பந்தை உதைக்கிறவனுக்கு இவ்வளவு காசா?" என்று காப்பிக்கடையில் கோபப்படுகிறோம். அந்தக் கோபம் தவறான ஆள்மேல் போகிறது என்பது என் எண்ணம். ஆட்டக்காரரும் ஒரு தொழிலாளிதான். முட்டி ஒரு தடவை போனால் பிழைப்புப் போச்சு. 2016இல் உலகக் காற்பந்தாட்டக்காரர் சங்கமான ஃபிஃப்ப்ரோ, 54 நாடுகளில் ஏறக்குறைய 14,000 ஆட்டக்காரர்களிடம் விசாரித்தது. அவர்களில் நூற்றுக்கு 45 பேர் மாதம் ஆயிரம் அமெரிக்க டாலருக்கும் குறைவாகச் சம்பாதித்தார்கள். நூற்றுக்கு 41 பேருக்கு முந்தைய இரண்டு பருவங்களில் சம்பளம் தாமதமாக வந்திருந்தது. இவர்கள் எல்லாரும் தொழில்முறை ஆட்டக்காரர்கள்!

பக்கத்திலேயே பாருங்கள். நம் சுந்தரமூர்த்தி ஆடி, 1990இல் மலேசியக் கிண்ணம் வென்ற கெடா குழு எவ்வளவு பெரிய பெயர்! அங்கே ஆட்டக்காரர்களுக்குச் சம்பளப் பாக்கி ஏறிக்கொண்டே போனது. 2025-26 பருவத்துக்கு அந்தக் குழுவுக்கு உரிமமே கிடைக்கவில்லை. இங்கேயும் தஞ்சோங் பகார் யுனைடெட் பணமில்லாமல் 2015 பருவத்திலிருந்து விலகியது. ஆண்டுக் கடைசியில் ஒப்பந்தம் முடிந்து, ஜனவரியில் வேலை இல்லாமல் நிற்பது என்ன என்பது ஆட்டக்காரர் வீட்டுக்கும் தெரியும், உங்கள் வீட்டுக்கும் தெரியும்.

அப்படியானால் சிலருக்கு மட்டும் கோடிகள் எப்படி வந்தன? "திறமை" என்பீர்கள். திறமை ஒரு பாதிதான். இங்கிலாந்தில் 1961 வரை எந்த ஆட்டக்காரருக்கும், அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், வாரம் 20 பவுண்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று விதி இருந்தது. அரங்கம் நிரம்பி வழியும். வாசலில் வசூலான பணம் குழு முதலாளிகளுக்கு. அப்போது ஜிம்மி ஹில் என்பவர் ஆட்டக்காரர் சங்கத்தின் தலைவர். "அடுத்த சனிக்கிழமை யாரும் திடலில் இறங்க மாட்டோம்" என்று சங்கம் ஒரே குரலில் சொன்னது. ஆட்டம் நிற்கப் போகும் சில நாட்களுக்கு முன் 20 பவுண்டு விதி ஒழிந்தது. ஜானி ஹெய்ன்ஸ் என்ற ஆட்டக்காரருக்கு அதே ஆண்டு வாரம் 100 பவுண்டு கிடைத்தது.

இதைக் கவனியுங்கள். ஜனவரி தொடக்கத்தில் இருந்த அதே கால்கள்தான் ஜனவரிக் கடைசியிலும் இருந்தன. திறமை ஒரு மாதத்தில் ஐந்து மடங்கு ஆகிவிடவில்லை. சேர்ந்து நின்றார்கள், விதி மாறியது.

"அது வெள்ளைக்காரன் ஊர்" என்று யாரும் சொல்ல வேண்டாம். 1952 மே மாதம் நம் சிங்கப்பூரில் ஏறக்குறைய 500 தபால்காரர்கள் சம்பளத்துக்காக 13 நாள் வேலையை நிறுத்தினார்கள். பெரும்பாலும் மலாய்க்காரர்கள், இந்தியர்கள். அவர்களுக்குச் சட்ட ஆலோசகர் இளம் வழக்கறிஞர் லீ குவான் இயூ. பத்திரிகையில் அவர்கள் பக்கம் நின்று எழுதியவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த நம் சி. ராஜரத்தினம். தபால்காரர்கள் வென்றார்கள்.

இதனால் நாளைக்கே வேலையை நிறுத்துங்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்றைய சட்டம் அதற்குக் கடுமையான விதிகள் வைத்திருக்கிறது. 2012 நவம்பரில் சீனாவிலிருந்து வந்த பேருந்து ஓட்டுநர்கள் 171 பேர், மலேசிய ஓட்டுநர்களைவிடத் தங்களுக்குச் சம்பளம் குறைவு என்று வேலைக்குப் போகவில்லை. ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள், 29 பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஆகவே சட்டம் தெரியாமல் கோபத்தில் இறங்காதீர்கள். சங்கத்தில் சேருங்கள். சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

இனி அந்தக் கூட்டும் அம்மாவிடம் வருவோம். ஆட்டக்காரர்கள் 1961இல் வென்ற பணம் அரங்கத்தைக் கூட்டுகிறவர்களுக்கு வந்ததா? வரவில்லை. 2015 பிப்ரவரியில் பிரிமியர் லீக் மூன்று பருவத் தொலைக்காட்சி உரிமையை 5.136 பில்லியன் பவுண்டுக்கு விற்றது. அரங்கத்தில் சமைப்பவருக்கும் கூட்டுபவருக்கும் வாழப் போதுமான சம்பளம் உண்டா என்று கேட்டதற்கு, அதை அரசியல்வாதிகள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற பொருளில் லீக்கின் தலைமை நிர்வாகி பதில் சொன்னார். எதிர்ப்பு கிளம்பியது. அடுத்த மாதமே, முழுநேர ஊழியர்களுக்கு அந்தச் சம்பளம் கொடுக்கக் குழுக்கள் ஒப்புக்கொண்டன. ஆனால் ஆட்ட நாளில் மட்டும் வருகிறவர்கள், குத்தகை நிறுவனம் அனுப்புகிறவர்கள் அந்தக் கணக்கில் வரவில்லை.

குத்தகை! இந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். பணம் நின்றுபோகிற இடம் அதுதான். நீங்கள் கூட்டுவது ஒருவருடைய கட்டடம். உங்கள் முதலாளி இன்னொருவர். யார் குறைந்த விலை கேட்டாரோ அவருக்குக் குத்தகை. துடைப்பமும் சோப்பும் எல்லாருக்கும் ஒரே விலை. அப்புறம் எதைக் குறைத்து விலை கேட்பது? உங்கள் சம்பளத்தைத்தான்.

சிங்கப்பூரில் இதற்கு ஒரு தடுப்பு வந்தது. படிப்படியாக உயரும் சம்பள முறை 2014 செப்டம்பரில் துப்புரவு நிறுவனங்களின் உரிமத்தோடு கட்டப்பட்டது. அன்று குறைந்தபட்சம் 1,000 வெள்ளி. 2023 ஜூலையில் 1,570 வெள்ளி. 2028இல் 2,420 வெள்ளியாக வேண்டும். பாதுகாவல் வேலைக்கும் தோட்ட வேலைக்கும் இதே முறை 2016இல் வந்தது. இது நல்ல காரியம், நான் மறுக்கவில்லை. குத்தகைக்காரர் இந்தக் கோட்டுக்குக் கீழே போய் விலை கேட்க முடியாது.

ஆனால் இந்தக் கோடு குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. ஒர்க் பெர்மிட்டில் வந்திருக்கும் தம்பிக்கு இல்லை. புதுக்கோட்டையிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் வந்து, இங்கே டோர்மிட்டரியில் தங்கியிருக்கும் தம்பி இதே பின்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஒரே மொழி. ஒரே கோயிலில் ஒரே வரிசையில் நின்று திருநீறு வாங்குகிறோம். சம்பளத்தில் மட்டும் இரண்டு வரிசை!

கத்தாரைப் பாருங்கள். 2022 உலகக் கிண்ணத்துக்கு அரங்கம் கட்டப் போனவர்களில் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் உண்டு. அங்கே நடந்த கொடுமைகளை உலகமே கண்டித்தது. அந்த நெருக்கடியில் கத்தார் 2021 மார்ச் முதல் மாதம் 1,000 ரியால் குறைந்தபட்சச் சம்பளம் வைத்தது. குறைவான தொகைதான். ஆனால் எந்த நாட்டவருக்கும், வீட்டு வேலை செய்கிறவருக்கும் சேர்த்து வைத்தது. ஃபிஃபா அந்த உலகக் கிண்ணத்தில் பரிசாகக் கொடுத்தது 440 மில்லியன் டாலர். அதே அளவு தொகையைப் பாதிக்கப்பட்ட தொழிலாளர்களுக்கு ஒதுக்குங்கள் என்று அம்னெஸ்டி கேட்டது. 2024இல் ஃபிஃபா அறிவித்தது 50 மில்லியன். அதுவும் நேராகத் தொழிலாளர் கைக்குப் போகும் இழப்பீடு அல்ல.

நாம் இந்த நாட்டில் நூற்றுக்கு ஒன்பது பேர். சிறுபான்மை உரிமை என்றால் மொழி, கோயில், பள்ளி என்று மட்டும் நினைக்கிறோம். அவை வேண்டும். மாதக் கடைசியில் வீட்டுக்கு வரும் சம்பளமும் உரிமைதான். அதில் குடியுரிமை உள்ள தமிழர், பெர்மிட்டில் உள்ள தமிழர் என்று நாமே கோடு போட்டால், குறைந்த விலை கேட்கிறவருக்குத்தான் அது வசதி.

இப்போது வழக்கறிஞராக இரண்டு சம்பவம் சொல்கிறேன். பெயர்கள் வேண்டாம்.

ஓர் அண்ணன். நான்கு மாதச் சம்பளம் பாக்கி வைத்துவிட்டு நிறுத்திவிட்டார்கள். ஊருக்குப் போனார், தாயாருக்கு உடம்பு சரியில்லை. திரும்பி வந்து என்னிடம் உட்கார்ந்தபோது வேலை போய் ஏழு மாதம். வேலையிலிருந்து நின்றவர் ஆறு மாதத்துக்குள் முறையிட வேண்டும். "நியாயம் என் பக்கம்தானே தம்பி?" என்று கேட்டார். "ஆமாம் அண்ணே, நியாயம் உங்கள் பக்கம்தான். ஆனா தேதி தாண்டிப் போச்சு" என்றேன். அவர் எழுந்து போனதை என்னால் மறக்க முடியவில்லை.

ஓர் அக்கா. துப்புரவு வேலை. ஓ.டி. காசே வரவில்லை. மளிகைக்கடை கொடுத்த முருகன் படம் போட்ட காலண்டரில், எத்தனை மணிக்குப் போனார், எத்தனை மணிக்கு வந்தார் என்று ஒவ்வொரு கட்டத்திலும் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். அந்தக் காலண்டரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு சமரசப் பேச்சுக்குப் போனார். முதலாளி தரப்பில் காட்ட ஒரு தாளும் இல்லை. பாக்கி முழுவதும் வந்தது.

ஆகவே இதைப் பிள்ளைகள் எழுதிக்கொண்டு போய் வீட்டுக் கதவில் ஒட்டுங்கள்.

ஒன்று: சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம் வர வேண்டும். ஓ.டி. காசு 14 நாளுக்குள்.

இரண்டு: 2016 ஏப்ரல் முதல் விவரமான சம்பளச் சீட்டு கொடுப்பது கட்டாயம். தராவிட்டால் கேளுங்கள். கேட்டதைத் தொலைபேசிச் செய்தியாக அனுப்பி வையுங்கள்.

மூன்று: உடலுழைப்பு வேலையில் அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளி வரை உள்ளவருக்கு, ஓ.டி. மணிக்கு ஒன்றரை மடங்கு.

நான்கு: பாக்கி இருந்தால் முதலில் முத்தரப்புச் சர்ச்சை நிர்வாகக் கூட்டணியிடம் முறையிடுங்கள். வேலையில் இருப்பவர், பாக்கி விழுந்த நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள். நின்றவர் ஆறு மாதத்துக்குள். சமரசம் ஆகாவிட்டால் வேலை நியமனக் கோரிக்கை நடுவர் மன்றம். இது ஒர்க் பெர்மிட் தம்பிக்கும் உண்டு. வீட்டுப் பணிப்பெண்களுக்கு வேலை நியமனச் சட்டம் பொருந்தாது, அவர்கள் மனிதவள அமைச்சிடம் போக வேண்டும்.

ஐந்து: அந்த நடுவர் மன்றத்தில் வழக்கறிஞர் உங்களுக்காக நிற்க அனுமதி இல்லை. நான் வாசலோடு சரி. உள்ளே நீங்கள்தான் பேச வேண்டும். உங்கள் தாளும் உங்கள் காலண்டரும்தான் உங்கள் வக்கீல்.

அந்தப் பதினாறு வயதில் நான் கேட்ட கேள்விக்கு அப்பா ஏன் பதில் சொல்லவில்லை என்று இப்போது புரிகிறது. அவருக்குத் தெரியாது. அந்த அம்மாவிடம் கேட்கவும் கூச்சம். நாம் சம்பளத்தைப் பற்றி ஒருவரோடு ஒருவர் பேசுவதே இல்லை! ஆட்டக்காரர்கள் முதலில் செய்தது அதைத்தான். உட்கார்ந்து, யாருக்கு எவ்வளவு என்று பேசினார்கள்.

இன்று இரவு மேட்ச் இருக்கிறது, தெரியும். பாருங்கள், கைதட்டுங்கள். ஆட்டம் முடிந்ததும் டிவியை அணைக்கும் முன் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "அக்கா, உங்களுக்குச் சம்பளச் சீட்டு கொடுக்கிறாங்களா?"

அங்கேயிருந்து தொடங்குவோம்.