கொள்ளைநோய்க் காலமும் நம் கடமையும்



கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவிலே கொள்ளைநோயைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். கல்விக்காக வாழ்ந்த சாவித்திரிபாய் அம்மையார் கொள்ளைநோய்ப் பணியிலேதான் உயிர்நீத்தார் என்பதை அவர்களுக்கு நினைவூட்டுகிறோம்.

1848-இல் பூனாவில் சோதிராவ் புலேயுடன் பெண்களுக்குப் பள்ளி தொடங்கியவர் அவர். 1896-இல் பம்பாயில் தோன்றிய பிளேக் விரைவிலேயே பூனாவிலும் பரவிற்று. 1897 பிப்ரவரியில் வெள்ளை அரசு தொற்றுநோய்ச் சட்டத்தை இயற்றியது. அவ்வாண்டிலே சிப்பாய்கள் வீடு புகுந்து சோதனையிட்டனர்; நோயாளரைக் குடும்பத்தினின்று பிரித்துக் கொண்டுபோயினர். மக்கள் நோய்க்கு அஞ்சியதினும் அதிகாரிக்கு அஞ்சினர். அம்மையாரின் வளர்ப்பு மகன் யஷ்வந்த் மருத்துவர். தாயும் மகனும் நகருக்கு வெளியே மருத்துவ நிலையம் அமைத்தனர். முந்த்வா மகார் சேரியில் நோயுற்ற சிறுவன் ஒருவனை 66 வயதான அம்மையார் தாமே சுமந்து வந்தார் என்பர். நோய் அவரையும் தொற்றியது. 1897 மார்ச் 10-இல் மறைந்தார். சேரிப் பிள்ளையைத் தொட்டுத் தூக்க நகரில் எத்தனை கைகள் முன்வந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். 1876-77 பஞ்சத்திலே பிள்ளைகளுக்குச் சோறிட்ட பழக்கம் சத்தியசோதக் சமாஜத்தாருக்கு முன்பே இருந்தது. இடர் வந்தபின் கூடியவர்கள் அல்லர் அவர்கள்.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காக நாடு அடைக்கப்பட்டபோது ‘சமூக இடைவெளி’ என்றொரு சொல் எங்கும் ஒலித்தது. தலைமுறை தலைமுறையாக அந்த இடைவெளியிலே நிறுத்தப்பட்டவர்களுக்கு அதைப் புதிதாகக் கற்பித்தார்கள்! திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்ற நம்மவர் பலர் வாழும் தாராவியிலோ அவ்விடைவெளிக்கு இடமே இல்லை. ஒரே அறையில் ஒரு குடும்பம். பலருக்குப் பொதுக் கழிப்பறை. அவ்வாண்டு ஏப்ரலில் அங்கே நோய் நுழைந்தது. அப்பகுதித் தனியார் மருத்துவர்கள் மாநகராட்சியுடன் சேர்ந்து வீடுவீடாகச் சென்று காய்ச்சல் கண்டவரைத் தேடினர். பள்ளிகளும் மண்டபங்களும் தனிமை இடங்களாயின. தொண்டர்கள் உணவுப் பொட்டலங்களை வழங்கினர். சூலையில் உலக சுகாதார நிறுவனத் தலைவரே தாராவியைச் சுட்டிப் பாராட்டினார். தொழிலாளர் பலர் முன்பே சொந்த ஊருக்குப் போய்விட்டனர் என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். புகழ்ச்சியில் அது மறைந்துவிடுகிறது.

உதவி என்பது முதலில் ஒரு பட்டியலே. ரேஷன் கடையில் அரிசியும் 1,000 ரூபாயும் கொடுத்தார்கள். அட்டை இல்லாதவர் யார் என்பதை அத்தெருவாரே அறிவர். தனித்திருக்கும் கிழவி, நிறைமாதப் பெண், காசநோய் மாத்திரை நின்றுபோனவர் ஆகியோரை மேலிடத்து அலுவலர் எங்ஙனம் அறிவார்? துப்புரவுத் தொழிலாளர்க்குத் ‘தூய்மைப் பணியாளர்’ என்று 2020-இல் பெயர் மாற்றினார்கள், மகிழ்ச்சிதான். கையுறை கிடைத்ததா என்று கேட்க அவர்தம் தெருவிலே ஆள் வேண்டும்.

நம் கழகத்திற்கு நெருங்கிய செய்தி பிள்ளைகளின் படிப்பு. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகளில் 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. கைப்பேசி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அந்த இருபது மாதம் என்னவாயிற்று? வேலைக்குப் போனவர் உண்டு. மணமேடை ஏறிய சிறுமியரும் உண்டு. அரசு 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கித் தன்னார்வலரை அமர்த்தியது. அதற்கு முன்பே தெருத் திண்ணையில் நான்கு பிள்ளைகளை உட்காரவைத்துக் கற்பித்த படித்த இளைஞரையும் நாம் மறவோம்.

ஆகவே இவ்வவையின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். பள்ளிச் சேர்க்கைக்கு நாம் வைத்திருக்கும் பதிவேட்டில் வீட்டிலுள்ள முதியோர், நோயாளர், அட்டை இல்லாதோர் பெயரையும் எழுதுவோம், ஆண்டுக்கொருமுறை திருத்துவோம். அரிசி உலையிலிடும் முன் ஒரு பிடியைத் தனிப் பானையில் இடும் பிடியரிசி வழக்கம் நம் தாய்மார்க்குப் புதிதன்று. மாதந்தோறும் அதைத் திரட்டும் பொறுப்பை மாதர் பிரிவு ஏற்குமா என்று கேட்கிறோம். கணக்கைக் கழகக் கட்டடத்தின் வாயிற்பலகையில் எழுதிவிட வேண்டும். கணக்கு மறைந்த இடத்தில் ஒற்றுமையும் மறைந்ததை நம் சேரிகள் கண்டிருக்கின்றன. வரும் பொதுக்குழுவில் இதனைத் தீர்மானமாகக் கொணர இசைவு தாருங்கள்.