ஊசிக்குப் பின் 24 மணி நேரம்

அமெரிக்காவின் கிளீவ்லாந்து வட்டாரத்தில் 29 மருத்துவமனைகள். 1997 ஜூலையில் தொடங்கிய ஓராண்டில், மூளை ரத்தக்குழாயில் அடைப்பு ஏற்பட்டுப் பக்கவாதம் வந்த 3,948 பேர் அவற்றில் சேர்ந்தார்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போடப்பட்டது அவர்களில் 70 பேருக்குத்தான். அந்த 70 பேரில் 11 பேருக்கு மூளைக்குள் ரத்தம் கசிந்து நிலைமை மோசமானது. அதாவது, நூற்றுக்குப் பதினைந்துக்கும் மேல்.

2000-ஆம் ஆண்டு இந்தக் கணக்கு வெளியானபோது, ஊசியை நம்பலாமா என்ற வாதம் சூடுபிடித்தது. கேள்வி நியாயமானதுதான். 'ஆல்டிப்ளேஸ்' என்ற அந்த மருந்தைப் பக்கவாதத்துக்குப் பயன்படுத்த அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது 1996-இல். அதற்கு ஆதாரமாக இருந்தது, 624 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு முந்தைய ஆண்டு வெளியான பெரிய ஆய்வு. அதில் ஊசி போட்டவர்களில் 6.4 சதவீதம் பேருக்கு ஆபத்தான மூளைக் கசிவு ஏற்பட்டது. வெறும் திரவம் ஏற்றப்பட்டவர்களில் 0.6 சதவீதம். பத்து மடங்கு! இந்த ஒரு வரியை மட்டும் படித்தவர் ஊசிப் பக்கமே போகமாட்டார். ஆனால் மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, ஊசி போட்டவர்களில் இறந்தவர்கள் 17 சதவீதம், போடாதவர்களில் 21 சதவீதம். ஊனம் ஏதுமின்றி, அல்லது மிகக் குறைந்த ஊனத்தோடு தேறியவர்களும் ஊசி போட்டவர்களிடையேதான் அதிகம். கசிவினால் நேர்ந்த இழப்பையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

ரத்தம் ஏன் கசிகிறது? அடைப்பு ஏற்பட்டதும் மூளைத் திசு மட்டும் வாடுவதில்லை. அங்குள்ள நுண்ணிய ரத்தக்குழாய்களின் சுவரும் நைந்துபோகிறது. கரை இளகிய வாய்க்காலில் மடையைத் திறந்தால் என்ன ஆகும்? உடைப்பெடுக்கும். நேரம் போகப் போகக் கரை மேலும் இளகும். அதனால்தான் முதலில் மூன்று மணி நேரம் என்று கெடு வைத்தார்கள். 2008-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வுக்குப் பிறகு, தகுந்த நோயாளிகளுக்கு அது நாலரை மணி நேரமானது. போதாததற்கு, மூளைக்குள் இருக்கும் கெட்ட கட்டி எது, வேறொரு காயத்தை அடைத்துக் காக்கும் நல்ல கட்டி எது என்று பிரித்துப் பார்க்க மருந்துக்குத் தெரியாது.

இனி கிளீவ்லாந்துக்கு வருவோம். நோயாளிகளின் கோப்புகளைப் புரட்டியபோது, ஊசி போட்டவர்களில் பாதிப் பேரிடம் ஏதாவது ஒரு விதி மீறப்பட்டிருந்தது. சிலருக்குக் கெடு தாண்டிய பிறகு ஊசி போட்டிருந்தார்கள். அதைவிட அதிகமாக நடந்த மீறல் வேறு: ஊசி போட்ட 24 மணி நேரத்துக்குள் ஆஸ்பிரின், ஹெப்பாரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளைக் கொடுத்தது. நல்லெண்ணத்தில் கொடுத்திருப்பார்கள், சந்தேகமில்லை. பிறகு அங்குள்ள ஒன்பது மருத்துவமனைகள் நடைமுறையை இறுக்கின. மீறல் 50 சதவீதத்திலிருந்து 19 சதவீதமாகக் குறைந்தது. கசிவு? 6.4 சதவீதம். பழைய பெரிய ஆய்வில் வந்த அதே எண். மருந்து மாறவில்லை, கொடுத்த விதம் மாறியது.

ஆக, ஊசி போட்ட பிறகு வரும் ஒரு பகலும் ஓர் இரவும்தான் நர்ஸுகளின் உண்மையான வேலை நேரம். முதல் இரண்டு மணி நேரம் கால் மணிக்கு ஒரு முறை, அடுத்த ஆறு மணி நேரம் அரை மணிக்கு ஒரு முறை, பிறகு மணிக்கு ஒரு முறை ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். அது 180-க்கு 105-ஐத் தாண்டக் கூடாது. மூக்குக் குழாய், சிறுநீர்க் குழாய் போன்றவற்றை, தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுகிறார்கள். உள்ளே சிறு கீறல் விழுந்தாலும் ரத்தம் நிற்காது. நோயாளிக்குத் திடீரென்று கடும் தலைவலி, வாந்தி, ஏறும் அழுத்தம், மயக்கம், கை கால் பலம் இன்னும் குறைவது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மருந்து ஏறிக்கொண்டிருந்தால் உடனே நிறுத்திவிட்டு, சி.டி. ஸ்கேனுக்கு ஓடுகிறார்கள். கசிவு உறுதியானால், ரத்தம் உறைவதற்குத் தேவையான புரதங்கள் செறிந்த 'கிரையோ' ஏற்றுவது வழக்கம். குறையேதும் தெரியாவிட்டாலும், 24 மணி நேரம் கழித்து இன்னொரு ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகே ஆஸ்பிரின் தொடங்குகிறது.

கட்டிலருகே உட்கார்ந்திருக்கும் உறவினருக்கும் இதில் பங்கு உண்டு. பேச்சு குழறுகிறது, "தலை வெடிக்கிறது" என்கிறார் என்றால் விடியட்டும் என்று இருந்துவிடாமல் அப்போதே நர்ஸை அழைக்க வேண்டும்.

வீட்டிலேயே நடக்கும் ஒரு தவறும் உண்டு. மாரடைப்புக்குக் கொடுப்பார்களே என்று பக்கவாதம் வந்தவர் வாயிலும் ஓர் ஆஸ்பிரினைப் போட்டுவிடுகிறார்கள். வந்திருப்பது அடைப்பா, கசிவா என்பது ஸ்கேன் எடுக்கும்வரை டாக்டருக்கே தெரியாது. மாத்திரையைத் தேடும் நேரத்தில், அவர் கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்பதைக் குறித்துக்கொள்ளலாம். வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் அந்த அட்டையையும் கையோடு எடுத்துக்கொள்ளலாம். ஊசி போடலாமா என்று முடிவு செய்யும்போது டாக்டர் முதலில் கேட்பவை இந்த இரண்டும்தான்.