கரையும் கணக்கும்



மயிலாடுதுறைப் பக்கத்தில் வழுவூர், கொறுக்கை என்று இரண்டு ஊர்கள். இரண்டும் அட்டவீரட்டத் தலங்கள். வழுவூரில் சிவன் யானையை உரித்தார், கொறுக்கையில் காமனை எரித்தார் என்பது புராணம். கல்வெட்டு வாசிக்கப் போகிறவர்களுக்கு அந்தச் சுவர்களில் வேறு செய்தி இருக்கிறது.

வழுவூர்ச் சாசனம் 1402-03ஐச் சேர்ந்தது. விஜயநகரத்தில் இரண்டாம் ஹரிஹரர் ஆண்ட காலம். காவிரி வெள்ளத்தில் வரப்புகள் அடித்துப்போயின, வாய்க்கால்கள் தூர்ந்தன. குடிகள் வரியைக் குறைக்கக் கேட்டார்கள், அரசு குறைத்தது. டெல்டா விவசாயி வெள்ளத்தில் அஞ்சுவது தண்ணீரை மட்டுமல்ல, அதோடு வரும் மணலை. தண்ணீர் சில நாளில் வடிந்துவிடும். உடைப்பெடுத்த வயலில் மணலை அள்ளி, எல்லை கண்டு, வரப்புப் போட்டு, வாய்க்காலைத் தூர்வாரி முடிக்க எத்தனை போகம் போகும் என்று யாரும் சொல்ல முடியாது. அதுவரைக்கும் கணக்குப்பிள்ளையின் ஏட்டில் அது நன்செய்தான்.

கொறுக்கைச் சாசனம் 1429. இரண்டாம் தேவராயர் காலம். வலங்கை 98, இடங்கை 98 என்று ஒருவரோடொருவர் மோதிக்கொள்வதற்கே பேர்போன இரு சாதிப் பிரிவாரும் ஒன்றாகக் கூடியிருக்கிறார்கள். விளைச்சலைப் பார்க்காமல் அதிகாரிகள் வரி வாங்குகிறார்கள், ஊரைவிட்டு ஓடலாம் என்றிருந்தோம், நாம் ஒன்றுபடாததால்தான் இந்தக் கொடுமை நடந்தது என்று கல்லில் வெட்டிவைத்தார்கள். விளைந்ததற்குத் தக்கபடிதான் இனிக் கொடுப்பது என்பது தீர்மானம்.

இதில் ஆற்றங்கரையைப் பற்றிய பேச்சு எங்கே என்று கேட்பீர்கள். நேராக இல்லை. கரையை அடைத்தது மண்வெட்டி பிடித்த குடியானவன் கை. வரி கொடுக்க முடியாமல் அவன் ஓடிவிட்டால் அடுத்த ஆடியில் கரைக்கு ஆள் ஏது? அதனால் கொறுக்கைக் கல்லை வரி எதிர்ப்பாக மட்டும் படிப்பது போதாது, அது கரையைப் பற்றிய முறையீடும்தான் என்பது என் வாசிப்பு. நிலப்பரப்பை வைத்து வரி போட்டவருக்கு உடைப்பால் நட்டமில்லை. சோழர் காலத்தில் ‘காவேரிக்கரை விநியோகம்’ என்றே ஒரு வரி இருந்தது. வாங்கிய காசு கரைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது யார்?

தொண்டை நாட்டு உத்திரமேரூரில் அதற்கு வழி செய்திருந்தார்கள். முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுச் சாசனங்களில் ஏரி வாரியத்துக்கு ஆறு பேர், பதவி 360 நாள். முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது. அவர் மட்டுமல்ல, மாமனார், மைத்துனர், சிற்றன்னை, பெரியன்னை மக்கள் வரை விலக்கு. இன்று அதை அமல்படுத்தினால் பல வாரியங்களில் நாற்காலிதான் மிஞ்சும்!

கரையைக் கவனிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வெளியிலும் சான்று உண்டு. கொறுக்கைக்கு எட்டு ஆண்டுக்கு முன், 1421 நவம்பரில், ஹாலந்தில் கடல் கரையை உடைத்துப் பல ஊர்களை விழுங்கியது. உட்பூசலில் கரைப் பராமரிப்பு தளர்ந்திருந்ததும் ஒரு காரணம் என்கிறார்கள். அந்தக் கடலோர நாடுகளில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. தன் பங்குக் கரையைக் காக்க முடியாதவர் அதில் மண்வெட்டியைக் குத்திவிட்டுப் போய்விடலாம். அதைப் பிடுங்குகிறவருக்கு நிலமும் சொந்தம், கரையும் பொறுப்பு. நம் கொறுக்கைக்காரர்கள் ஓடியிருந்தால் நிலத்தோடு கடமையையும் ஏற்க யார் வந்திருப்பார்கள்?

இங்கே அந்தக் கடமையைப் பின்னாளில் சட்டமே சுமத்தியது. 1858இல் சென்னை மாகாணத்தில் வந்த குடிமராமத்துச் சட்டம் உடைப்பை அடைக்கக் குடிகளைக் கட்டாயமாக அழைத்தது. வர மறுத்தால் தண்டனை. பராமரிப்புக் கேள்வி அதோடு தீர்ந்துவிடவில்லை. 2018 ஆகஸ்டு 22 இரவு முக்கொம்பில், ஆங்கிலேயப் பொறியாளர் காட்டன் 1836இல் கட்டிய கொள்ளிடம் மேலணையில் ஒன்பது மதகுகள் பெயர்ந்துபோயின. அந்த மாதம் கொள்ளிடம் கரைபுரண்டு கடலுக்கு ஓடியது. தூர்வாராத வாய்க்கால்களில் தண்ணீர் ஏறவில்லை என்று கடைமடைக்காரர்கள் சாலைக்கு வந்தார்கள்.