மார்க்கம் கற்பித்த சாச்சி

(நமது ஜமாஅத்தின் ஆண்டுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் ஏக வல்லவனாகிய அல்லாஹ்வுக்கே உரியது. ஸலாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

 

முஃமின்களின் அன்னை ஆயிஷா ஸித்தீக்கா (ரலி) அவர்களை நாம் நபி (ஸல்) அவர்களின் துணைவியார் என்றும், அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்களின் அருமை மகளார் என்றும் அறிவோம். அவர்களுக்கு இன்னோர் உறவுமுறையும் உண்டு. தம் சகோதரி அஸ்மா (ரலி) அவர்களின் பிள்ளைகளுக்கு அவர்கள் சாச்சி. தம் சகோதரர் முஹம்மது இப்னு அபூபக்ர் அவர்களின் பிள்ளைகளுக்கு மாமி. இந்த உறவின் வழியாக நம் மார்க்கக் கல்வி எவ்வாறு நம்மை வந்தடைந்தது என்பதையே இன்று நாம் நினைவுகூர விழைகின்றோம்.

அன்னையவர்களுக்குப் பிள்ளைச் செல்வம் இல்லை. அரபுப் பெண்கள் தம் பிள்ளையின் பெயரோடு இணைத்து இன்னாரின் தாய் என்று அழைக்கப்படுவது வழக்கம். தம் தோழியர் அனைவருக்கும் அத்தகைய பெயர் இருக்க, தமக்கு மட்டும் இல்லையே என்று அன்னையவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டார்கள். அஸ்மா (ரலி) அவர்களின் மகன் அப்துல்லாஹ்வின் பெயரால் அழைத்துக் கொள்ளுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள். அன்று முதல் அவர்கள் உம்மு அப்துல்லாஹ் ஆனார்கள். சகோதரியின் பிள்ளையும் தம் பிள்ளையே என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

ஹிஜ்ரி 11ஆம் ஆண்டு நபி (ஸல்) அவர்கள் இவ்வுலகைப் பிரிந்தபோது அன்னையவர்கள் இளம் வயதினர். அதன்பின் ஹிஜ்ரி 58 வரை 47 ஆண்டுகள் விதவையாக வாழ்ந்தார்கள். அந்த 47 ஆண்டுகளும் அவர்களின் இல்லம் ஒரு மத்ரஸாவாகவே விளங்கிற்று. தூரத்து ஊர்களிலிருந்து வந்தோர் திரைக்கு அப்பால் நின்று கேட்டனர். மஹ்ரமான பிள்ளைகள் உள்ளே அமர்ந்து ஓதினர். அன்னையவர்கள் வழியாக அறிவிக்கப்படும் ஹதீஸ்கள் 2210 என்று உலமாக்கள் கணக்கிட்டுள்ளனர்.

அந்த அறிவிப்புகளைப் பாருங்கள். மாணவர் உர்வா இப்னு ஸுபைர் (ரஹ்) அவர்களை அன்னையவர்கள் பல இடங்களில் "என் சகோதரியின் மகனே" என்றே அழைக்கின்றார்கள். நபி (ஸல்) அவர்களின் வீடுகளில் இரண்டு மாதங்கள் அடுப்பு எரியாமல் கழிந்த காலத்தைச் சொன்னபோது அப்படித்தான் அழைத்தார்கள். அப்படியாயின் எதை உண்டு வாழ்ந்தீர்கள் சாச்சி என்று உர்வா கேட்டார்கள். பேரீச்சம்பழமும் தண்ணீரும் என்று அன்னையவர்கள் விடை பகர்ந்தார்கள். புகாரீ போன்ற பெருங்கிரந்தங்களில் இந்த உறவுமுறை அழைப்பு இன்றளவும் அப்படியே நிலைத்திருக்கின்றது.

அன்பு மிகுந்தது என்பதற்காகப் பிழையைத் திருத்தாமல் அவர்கள் விட்டதில்லை. ஸஃபா, மர்வா பற்றிய திருவசனத்தில், அவ்விரண்டுக்குமிடையே சுற்றி வருவது குற்றமில்லை என்று வருகின்றது. ஆகவே சுற்றாமல் விட்டாலும் பாதகமில்லை என்று உர்வா பொருள் கொண்டார்கள். அன்னையவர்கள் உடனே மறுத்தார்கள். நீ சொல்வது கருத்தாயின், சுற்றாதிருப்பது குற்றமில்லை என்றல்லவா வசனம் அமைந்திருக்கும் என்று சொல்லமைப்பைச் சுட்டிக்காட்டினார்கள். முன்பு மனாத் என்னும் சிலைக்காக இஹ்ராம் கட்டி வந்த அன்ஸாரிகள், இஸ்லாத்தை ஏற்றபின் அங்கே செல்லத் தயங்கியதே அவ்வசனம் இறங்கக் காரணம் என்றும் விளக்கினார்கள். மாணவர் கேட்கத் துணிந்தார். ஆசிரியை காரணத்தோடு திருத்தினார். இந்த ஒரு கேள்வியால் உம்மத்துக்கு ஒரு சட்டம் தெளிவாயிற்று.

காஸிம் இப்னு முஹம்மது (ரஹ்) அவர்களின் நிலை வேறு. சிறு வயதிலேயே அவர்களின் தந்தையார் ஹிஜ்ரி 38இல் எகிப்தில் கொல்லப்பட்டார். அனாதைகளான காஸிமையும் அவர்களின் சகோதரரையும் மாமியான அன்னையவர்களே வளர்த்தார்கள். அப்பிள்ளைகளின் சொத்துக்கு ஆண்டுதோறும் ஜகாத் கொடுத்து வந்தார்கள் என்பதும், தம் பொறுப்பிலிருந்த அனாதைகளின் பொருளை வணிகத்தில் ஈடுபடுத்தினார்கள் என்பதும் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் உள்ளன. பிள்ளைக்குச் சோறு போட்டதோடு அவர்கள் நிற்கவில்லை. அவனுடைய பொருள் கரைந்து போகாமலும் காத்தார்கள். பின்னாளில் மதீனாவின் ஏழு பெரும் ஃபகீஹ்கள் என்று போற்றப்பட்டவர்களுள் உர்வாவும் காஸிமும் இருவர். அவ்விருவரும் ஒரே வீட்டில் பயின்றவர்கள்.

இனி எழுத்தைப் பற்றிச் சற்றே சிந்திப்போம். அன்னையவர்கள் முஸ்ஹஃபைப் பார்த்து ஓதுவார்கள். ஆயினும் எழுதமாட்டார்கள் என்று வரலாற்றாசிரியர் பலாதுரீ பதிவு செய்துள்ளார். ஆனால் எழுத்தின் அருமையை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தார்கள். தமக்காக ஒரு முஸ்ஹஃபை எழுதித் தருமாறு அபூயூனுஸ் அவர்களைப் பணித்தார்கள். முஆவியா (ரலி) அவர்கள் உபதேசம் வேண்டிக் கடிதம் அனுப்பியபோது, மனிதர்களின் திருப்தியை விட அல்லாஹ்வின் திருப்தியைத் தேடுமாறு சுருக்கமான மறுமொழி அனுப்பினார்கள்.

இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் தமது அல்அதபுல் முஃப்ரத் நூலில் மற்றொரு செய்தியைத் தருகின்றார்கள். தல்ஹா (ரலி) அவர்களின் மகளார் ஆயிஷா, அன்னையவர்களின் இன்னொரு சகோதரியின் மகள்; அவர்களிடமே வளர்ந்தவர். பல ஊர்களிலிருந்தும் மக்கள் அவருக்குக் கடிதமும் அன்பளிப்பும் அனுப்புவர். சாச்சி, இது இன்னாருடைய கடிதம், இது அவருடைய அன்பளிப்பு என்று அவர் எடுத்துச் சொல்வார். கடிதத்திற்குப் பதில் எழுது, அன்பளிப்புக்கு ஈடாக நீயும் கொடு, கொடுக்க உன்னிடம் இல்லையேல் நான் தருகின்றேன் என்று அன்னையவர்கள் கூறுவார்கள். தாம் எழுதாதிருந்தும் சகோதரியின் மகள் கையில் எழுதுகோலைத் திகழச் செய்த சாச்சி அவர்கள்.

பெரியோர்களே! பெண்களுக்கு எழுதக் கற்பிக்கலாகாது என்னும் கருத்தில் ஒரு செய்தி நெடுங்காலம் நம்மிடையே உலவிற்று. அதுவும் இந்த அன்னையின் பெயராலேயே சொல்லப்பட்டது. இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) அவர்கள் அதனை இட்டுக்கட்டப்பட்ட செய்திகளின் தொகுப்பில் சேர்த்தார்கள். ஹாஃபிழ் தஹபீ (ரஹ்) அவர்களும் அது இட்டுக்கட்டப்பட்டதே என்று தீர்ப்பளித்தார்கள். இதற்கு மாறாக, ஷிஃபா (ரலி) என்னும் பெண்மணி அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்பித்ததை நபி (ஸல்) அவர்கள் அறிந்திருந்ததுடன், அதைச் சுட்டிப் பேசியதும் அபூதாவூதில் உள்ளது.

பேச்சாக இருந்த அந்தக் கல்வி பின்னர் ஏடேறியது எப்படி? கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள், உலமாக்கள் மறைந்தால் கல்வியும் மறைந்துவிடுமே என்றஞ்சி, நபிமொழிகளை எழுதி வைக்குமாறு மதீனாவின் அபூபக்ர் இப்னு ஹஸ்ம் அவர்களுக்கு ஆணை பிறப்பித்தார்கள். அன்னையவர்களிடம் வளர்ந்து ஓதிய அம்ரா (ரஹ்) என்னும் பெண்மணியின் அறிவிப்புகளையும் எழுதுமாறு குறிப்பிட்டார்கள். ஒரு வீட்டில் பெண்ணொருத்தி பெண்ணொருத்திக்குச் சொன்னது, உம்மத்தின் பொதுச் சொத்தாயிற்று.

இத்தகைய குடும்பத்திலும் மனத்தாங்கல் வந்ததுண்டு. அன்னையவர்கள் 70,000 திர்ஹத்தைத் தர்மம் செய்துகொண்டே தம் ஆடைக்கு ஒட்டுப் போட்டிருந்ததைக் கண்டதாக உர்வா கூறுகின்றார்கள். அத்தகைய கொடையைக் கண்டு அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) அவர்கள், சாச்சி இதை நிறுத்தாவிட்டால் தடை விதிப்பேன் என்று சொல்லிவிட்டார்கள். எவருடைய பெயரைத் தம் பெயராகச் சூடினார்களோ அவரே இப்படிச் சொன்னாரே என்று அன்னையவர்களின் உள்ளம் நொந்தது. இனி அவரோடு பேசமாட்டேன் என்று நேர்ச்சை செய்தார்கள். பிரிவு நீண்டது. பின்னர் இரு பெரியவர்கள் அப்துல்லாஹ்வைத் தம்முடன் அழைத்துச் சென்று, நாங்கள் எல்லோரும் உள்ளே வரலாமா என்று அனுமதி கேட்டனர். அவரும் உடனிருப்பதை அறியாமல், எல்லோரும் வாருங்கள் என்றார்கள் அன்னையவர்கள். அப்துல்லாஹ் திரைக்குள் நுழைந்து சாச்சியைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அன்னையவர்களும் அழுதார்கள், பேசினார்கள். நேர்ச்சையை முறித்ததற்காக 40 அடிமைகளை விடுதலை செய்தார்கள். அதன் பின்னரும் அந்த நேர்ச்சையை நினைக்கும்போதெல்லாம் முக்காடு நனைய அழுவார்கள். நம் குடும்பங்களில் ஒரு சொல்லுக்காக ஆண்டுக்கணக்கில் பேசாதிருப்போர் இதனைச் சிந்திக்க வேண்டும். சமாதானம் செய்துவைக்கும் இரு பெரியவர்களாக நம் ஜமாஅத்தார் முன்வர வேண்டும்.

ஹிஜ்ரி 58, ரமளான் பிறை 17இல் அன்னையவர்கள் மறைந்தார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்கள் ஜனாஸாத் தொழுகை நடத்தினார்கள். இரவிலேயே ஜன்னத்துல் பகீயில் நல்லடக்கம் நடந்தது. கப்ரில் இறங்கியோர் சகோதரியின் மக்களும் சகோதரர்களின் மக்களுமாக ஐவர் என்று பதிவாகியுள்ளது. அப்துல்லாஹ்வும் உர்வாவும் காஸிமும் அவர்களில் இருந்தனர். அன்னையவர்களின் மறைவுக்கு நான்கைந்து ஆண்டுகள் முன்னரே, அவர்களிடம் கேட்டு மனத்தில் பதித்துக்கொள்ளாத ஹதீஸ் எதுவும் மீதமில்லை என்னும் நிலையை அடைந்திருந்ததாக உர்வா கூறியுள்ளார்கள். எத்தகைய மாணவர்! எத்தகைய ஆசிரியை!

அன்பிற்குரிய ஜமாஅத்தார்களே! பிள்ளை இல்லை, கணவர் இல்லை என்ற காரணத்தால் ஒரு பெண்மணியைச் சுபகாரியங்களில் பின்னே நிற்கச் சொல்லும் வழக்கம் நம்மவரிடமும் புகுந்துள்ளது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்கும் அவ்விரண்டும் இல்லை என்பதை நாம் மறந்துவிட்டோமா? நம் வீடுகளில் உள்ள சாச்சிமாரும் பெரியம்மாமாரும் மாமிமாரும் எத்தனையோ பிள்ளைகளுக்கு அலிஃப், பா சொல்லிக் கொடுத்தவர்கள். அவர்கள் உயிரோடிருக்கும்போதே அருகில் அமர்ந்து கேளுங்கள். கேட்டதை நம் பெண்மக்கள் ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும்.

பருவமடைந்த உடனே பெண்பிள்ளையின் ஓதலையும் படிப்பையும் நிறுத்திவிடாதீர்கள். அவர்கள் திரைக்கு இப்பாலிருந்து ஓதுவதற்கு ஏற்பாடு செய்வது நம் நிர்வாகத்தின் கடமை. நாளை நிகாஹ் தஃப்தரில் கையொப்பமிடும் மணமகள், அதில் எழுதியுள்ள தன் மஹர் எவ்வளவு என்பதைத் தானே படித்தறிந்து கையொப்பமிட வேண்டும். அவள் கேள்வி கேட்டால் அதட்டாதீர்கள். கேள்விக்கு விடை தேடுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் அன்னையின் அந்தஸ்தை உயர்த்துவாயாக. எங்களுக்கு ஓதிக் கொடுத்த பெண்மணிகள் அனைவருக்கும் அருள் புரிவாயாக. எங்கள் பிள்ளைகளைப் பயனுள்ள கல்வி உடையவர்களாக ஆக்குவாயாக. ஆமீன். வஸ்ஸலாம்.