மனப்பாடமா? பயன்பாடா?

நடுவர் அவர்களே! 'திரும்பத் திரும்பச் சொன்னாதான் இங்கிலீஷ் வரும்' என்று எதிரணி நண்பர் அடித்துப் பேசினார். பழக்கத்தால் மொழி வரும் என்ற ஸ்கின்னர் கொள்கை அது. கேட்டே இராத வாக்கியத்தையும் குழந்தை பேசுதே, எப்படி என்று 1959-லேயே மடக்கிவிட்டார் சாம்ஸ்கி.

அதுக்கு நானே சாட்சி. வல்லத்துல படிச்சப்போ 'திஸ் இஸ் எ பென்' நூறு தடவை சொன்னவன். ஒருநாள் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுல வடநாட்டுக்காரர் ஒருத்தர், புதுச்சேரி பஸ் எங்கே நிற்கும்னு இங்கிலீஷ்ல கேட்டார். கையை நீட்டிச் சொன்னேன்: 'திஸ் இஸ் எ பஸ்!' (சிரிப்பு) இன்னைக்குச் சிரிக்கிறேன்; அன்னைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கலை.

1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் என்.எஸ். பிரபு என்ன செய்தார்? இலக்கணத்தைப் பாடமாக நடத்தாமல், ரயில் அட்டவணையைக் கொடுத்துக் கேள்வி கேட்டார். பிள்ளைகள் ரயிலைத் தேடினார்கள். இங்கிலீஷ் கூடவே வந்தது.

மறைக்கலைங்க, பிறகு சோதித்தபோது வாக்கிய அமைப்புத் தேர்வில் பெரும்பாலும் பழைய முறைப் பிள்ளைகளே முந்தினார்கள். ஆனால் டிக்டேஷனில் முந்தியது? பிரபுவின் பிள்ளைகள்! (கைதட்டல்)

எதிரணியினரே, அந்த வடநாட்டுக்காரர் இன்னும் அங்கேயே நிக்கிறார். யாராவது போய்ப் பஸ் ஏத்திவிடுங்க!