உழவர் வீட்டிலிருந்து ஓர் அதிகாரி



தஞ்சாவூர்த் தமிழ் மேடையில் ராணுவ அதிகாரியைப் பற்றி என்ன பேச்சு என்று யாருக்கேனும் தோன்றலாம். படைமாட்சி, படைச்செருக்கு என்று இரண்டு அதிகாரம் வைத்தவர் நம் வள்ளுவர். அதனால் எனக்குத் தயக்கம் இல்லை.

நம் டெல்டாவில் ராணுவம் என்றாலே ஆள்சேர்ப்பு முகாம்தான் ஞாபகத்துக்கு வரும். விடியற்காலையில் ரோட்டோரம் ஓடிப் பழகும் பிள்ளைகளைப் பார்த்தால் நெஞ்சு நிறைகிறது. கூடவே வருத்தமும் வருகிறது. அவர்களில் பட்டம் வாங்கியவர்களும் இருக்கிறார்கள். அதிகாரியாகச் சேரத் தனித் தேர்வு உண்டு என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அதெல்லாம் பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்கு என்ற நினைப்பு நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது.

200 ஆண்டுகளுக்கு முன் ஜெர்மானியரின் பிரஷ்யாவில் அதுவே நடைமுறை. பிரபு வீட்டில் பிறந்தவர்தான் பெரும்பாலும் அதிகாரி. 1806இல் ஜெனா போர்க்களத்தில் நெப்போலியன் அந்தப் படையை நொறுக்கிவிட்டார். அதை மறுபடி தூக்கி நிறுத்தும் பொறுப்பு ஷார்ன்ஹோர்ஸ்ட் என்ற தளபதியின் கைக்கு வந்தது. அவர் உழவர் குடும்பத்துப் பிள்ளை. 1808இல் ஆணை வந்தது: அமைதிக் காலத்தில் அறிவும் படிப்பும், போர்க்காலத்தில் துணிவும்; அதிகாரிக்கு இவைதான் தகுதி, பிறப்பு இல்லை என்று. ஒரு தோல்வி அந்த மக்களுக்கு எவ்வளவு பெரிய கதவைத் திறந்துவிட்டது!

பிறப்பைப் பார்க்காவிட்டால் வேறு எதைப் பார்ப்பது? முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மானியர்கள் உளவியல் அறிஞர்களைப் படைக்குள் கொண்டுவந்தார்கள். விண்ணப்பித்தவர்களைச் சில நாள் தங்கவைத்துக் கவனித்தார்கள். தலைவர் என்று யாரையும் நியமிக்காமல் வட்டமாக உட்காரவைத்துப் பேசவிட்டார்கள். சில சிப்பாய்களை ஒப்படைத்து ஒரு வேலையை முடிக்கச் சொன்னார்கள். இதைக் கவனித்த பிரிட்டிஷார் 1942இல் தங்கள் தேர்வு வாரியங்களைத் தொடங்கினார்கள். மறு ஆண்டே இந்தியாவிலும், டேராடூனில், சோதனை முறையில் ஒரு வாரியம் வந்தது. இன்று பெங்களூரிலும் போபாலிலும் நடக்கும் எஸ்.எஸ்.பி. தேர்வு அந்த வழி வந்ததுதான்.

ஐந்து நாள் நடக்கும் தேர்வு அது. திரையில் ஒரு படம் போடுவார்கள். முப்பது விநாடி பார்த்துவிட்டு நான்கு நிமிடத்தில் கதை எழுத வேண்டும். கடைசியில் வருவது வெறும் வெள்ளைத் திரை. அதற்கும் கதை வேண்டும். மைதானத்தில் ஒரு குழுவுக்குப் பலகை, கட்டை, கயிறு கொடுப்பார்கள். தரையில் கால் படாமல், சுமையோடு, எல்லோரும் அந்தப் பக்கம் போய்ச் சேர வேண்டும். சிலர் சத்தம் போடுவார்கள். சிலர் ஒதுங்கி நிற்பார்கள். ஒருவன் பலகையின் முனையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, 'நீ முதல்ல போ, நான் பிடிச்சுக்கிறேன்' என்பான். தேர்வு அதிகாரி வாய் திறக்காமல் அவனையும் குறித்துக்கொள்வார். கடைமடையில் முறைத்தண்ணீருக்காகப் பக்கத்து வயல்காரரோடு பேசிப் பேசி, சண்டை மூளாமல் நீர் பாய்ச்சிய வீட்டுப் பிள்ளைக்கு இந்த வித்தை புதிதா என்ன?

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட அதிகாரிகள்தான் ஹிட்லர் பெயரில் உறுதிமொழி எடுத்து ஐரோப்பாவைக் கொளுத்தினார்கள். திறமையை அளந்தவர்கள் மனசாட்சியை அளக்கவில்லை. ஜெர்மனி அதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. 1955இல் புதுப் படையைத் தொடங்க ஷார்ன்ஹோர்ஸ்டின் 200ஆவது பிறந்த நாளையே தேர்ந்தெடுத்தார்கள். படைவீரன் என்பவன் சீருடை அணிந்த குடிமகன் என்றார்கள். குற்றமாகும் ஆணைக்குக் கீழ்ப்படியவே கூடாது என்று 1956இல் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். இன்று டிரெஸ்டனில் அவர்களுடைய அதிகாரிப் பள்ளி இருக்கிறது. ஹாம்பர்க்கிலும் மியூனிக்கிலும் ராணுவத்துக்கென்றே பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. பட்டப்படிப்பும் பணிக்காலத்திலேயே சேர்ந்துவிடுகிறது.

படித்த அதிகாரியால் நாட்டுக்கு என்ன ஆகும் என்பதற்கு முக்கொம்பே சாட்சி. 1836இல் அங்கே கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை கட்டிக் காவிரியில் நீர் வற்றாமல் காத்த ஆர்தர் காட்டன், அடிஸ்கோம்பு ராணுவப் பள்ளியில் பயின்று சென்னைப் பொறியாளர் படையில் சேர்ந்தவர்.

பிள்ளைகளே, உங்களுக்கான வழியைச் சொல்கிறேன். பிளஸ் டூ வயதில் என்.டி.ஏ. தேர்வு: மூன்று ஆண்டு கடக்வாஸ்லா அகாடமியில், அப்புறம் ஓராண்டு டேராடூன் அகாடமியில் பயிற்சி. 2022 முதல் பெண் பிள்ளைகளும் கடக்வாஸ்லாவில் சேர்கிறார்கள். பட்டதாரிகளுக்கு சி.டி.எஸ். தேர்வு; அந்த வழியில் சென்னைப் பரங்கிமலை அகாடமியிலேயே 49 வாரப் பயிற்சி பெறலாம். லெப்டினன்டாக வெளியே வந்தால் இரண்டு ஆண்டில் கேப்டன், ஆறு ஆண்டில் மேஜர். அதற்கப்புறம் வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜ் இருக்கிறது, நம் நீலகிரியில். என்.டி.ஏ. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வருகிறது. தமிழ்வழி படித்த பிள்ளைக்கு இது அநீதி. தமிழிலும் கேள்வி வேண்டும் என்று நாம் விடாமல் கேட்க வேண்டும்.

பெற்றோர்களே, இதன் விலையும் உங்களுக்குத் தெரிய வேண்டும். பக்கத்துத் திருச்சியைச் சேர்ந்தவர் மேஜர் சரவணன், பீகார் ரெஜிமென்ட். கார்கில் போரில் பட்டாலிக் மலைமேல் தன் வீரர்களுக்கு முன்னால் போனார். 1999 மே 29 அன்று வீழ்ந்தார். உடலை மீட்க ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. வீர் சக்ரா விருது அவர் குடும்பத்தின் கைக்குத்தான் வந்தது. இதைத் தெரிந்துகொண்டும் மகனோ மகளோ போகிறேன் என்றால், தடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக ஒரு விவரம். என்.சி.சி.யில் 'சி' சான்றிதழை 'பி' கிரேடுக்குக் குறையாமல் வாங்கிய பட்டதாரி, பட்டத்தில் 50 சதவீதம் வைத்திருந்தால், எழுத்துத் தேர்வு இல்லாமலே எஸ்.எஸ்.பி.க்கு விண்ணப்பிக்கலாம். அந்தச் சான்றிதழைப் பீரோவில் பூட்டி வைத்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் வாருங்கள். விண்ணப்பம் போடுவது எப்படி என்று இன்றைக்கே உட்கார்ந்து பேசிவிடுவோம்.